ஆச்சியின் பிளசருக்கு நான் சொன்ன விலை

மோட்டார் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பட்டறைப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. மேடையேறிப் பேசச் சொல்லாமல் எழுதத்தானே சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இடுப்பு வலி வந்து வேலையை விட்ட அன்று பட்டறையில் மாலை போட்டார்கள். "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, மாலையோடு டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பழைய வண்டிக்கு விலை மதிப்பது எப்படி என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது காரைக்குடியில் வண்டி வாங்க வருகிறவர்கள், எந்த வருஷத்து வண்டி, எத்தனை கை மாறியது என்று கேட்கிறார்கள். பதில் வந்ததும் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நாங்கள் பார்த்த விதம் வேறு. அது உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்த விதம் தெரிந்திருந்தும் ஒரு வண்டியில் நான் தடுமாறி நின்றேன். என் தங்கையின் பிழைப்பு அதில் மாட்டியிருந்தது. அதை எழுதினாலே அவர்கள் கேட்டதும் அதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சாக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழையை நம்பி எல்லாரும் வீட்டில் இருக்க முடியாது என்று என்னைச் சவரிமுத்து மேஸ்திரியின் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவியதும், வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்ததும் இந்தத் தொழிலுக்கு வந்த எல்லாரும் பட்டதுதான். அதை விட்டுவிடுகிறேன். அறுபதுகளில் நான் எஞ்சினை இறக்கி ஏற்றுகிற ஆளாகிவிட்டிருந்தேன்.

மேஸ்திரி உயரமான மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக எங்களை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் காலையில் வந்ததும் என்னைப் பார்த்து, "வாங்க ராசு. நேத்து அந்தச் சக்கரத்து நட்டை நீங்கதான் முறுக்குனீகளா?" என்று கேட்டார் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. பட்டறையில் யாரையாவது அவர் "வாங்க" என்று கூப்பிட்டால் மற்றவர்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. பர்மாவிலும் மலேயாவிலும் வியாபாரம் செய்து சம்பாதித்தவர்கள் வாங்கி நிறுத்திய வண்டிகள். வண்டியை விற்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரிவது அந்த வீடுகளில் கௌரவக் குறைவு. அதனால் எங்களை மத்தியான வெயிலில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள். மேஸ்திரியும் நானும் போவோம். அவர் பேசுவார், நான் பார்ப்பேன். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

போனதும் அவர் விலையைக் காதில் வாங்கமாட்டார். வீட்டுக்காரர் வாயெடுத்தாலே, "அத அப்புறம் சொல்லுங்கண்ணே. வெலையக் கேட்டுட்டா என் கண்ணு கெட்டுப்போகும்" என்று கையைக் காட்டுவார். அதிக விலையைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறவன் வண்டியில் நல்லதாகத் தேடுவான், குறைந்த விலையைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறவன் கோளாறாகத் தேடுவான் என்பது அவர் எண்ணம்.

அடுத்து வண்டியை ஷெட்டிலிருந்து கையால் தள்ளி வெளியே விடச் சொல்வார். தள்ளும்போதே சக்கரம் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். வண்டி வெளியே போனதும் அதைப் பார்க்காமல், அது நின்ற தரையைக் குனிந்து பார்ப்பார். எண்ணெய் எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது, புதுசா பழசா என்று பார்ப்பார். தரையைக் கழுவிவிட்டிருந்தால், "இன்னைக்குத்தான் கழுவுனீகளா?" என்று ஒரு கேள்வி. பிறகு புறங்கையை பானெட்டின் மேல் வைப்பார். சூடாக இருந்தால், ஆறட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். முன்னாடியே ஓட்டிச் சூடேற்றி வைத்த எஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது.

டிரைவர் பக்கத்துக் கதவு கொஞ்சம் தொங்கினால் அது வழக்கம். பின் கதவும் தொங்கினால் வண்டி வாடகைக்கு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மைல் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். காலடி விரிப்பைத் தூக்கித் தகட்டைத் தட்டுவோம். தொண்டிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியாக இருந்தால் தகடு அப்பளம்போல நொறுங்கும்.

ஒரு முறை தேவகோட்டைக்குப் போயிருந்தோம். வண்டிக்குள் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைச் சரம் என்று கோயில்போல இருந்தது. மேஸ்திரி பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சாம்பிராணி வாசம் நல்லாருக்கு. அதுக்கு அடியில ஒரு வாசம் வருதே, அது என்ன?"

"அப்படி ஒண்ணும் இல்லையேண்ணே. நேத்து வெள்ளிக்கிழமை, பூசை போட்டோம்" என்றார் வண்டிக்காரர்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் பின் சீட்டைத் தூக்கினேன். மூலையெல்லாம் மீன் செதில் மின்னியது. தொண்டியிலிருந்து கருவாடு ஏற்றியிருக்கிறார்கள். தகடு விரலுக்கே உள்ளே போனது. மேஸ்திரி இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வண்டின்னா வெலை சொல்லலாம். கொழம்புக்கு என்னன்னு சொல்றது?" என்றார். வண்டிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக வெள்ளைத் துணி. மேஸ்திரியின் சட்டைப் பையில் வெளுத்த துணி ஒன்று மடித்து இருக்கும். எஞ்சின் ஓடும்போது புகைக்குழாயின் வாயில் அதைப் பிடிப்பார். துணியில் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பொட்டு விழுந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. எஞ்சினை முழுக்கப் பிரித்து மேய்கிற செலவு. காய்ந்த கரியாக விழுந்து, உதறினால் உதிர்ந்துவிட்டால் அது சின்னக் கோளாறாக இருக்கலாம்.

இதே வண்டி குறையில்லாமல் இருந்தால் ஊரில் என்ன விலைக்குப் போகும் என்று மனதில் வைத்துக்கொள்வார். குறைகளைச் சரிசெய்ய ஆகிற செலவை அதில் கழிப்பார். மிச்சம் நிற்பதுதான் விலை. விற்கிறவர், வாங்குகிறவர் இருவரையும் எதிரே நிற்கவைத்து ஒரே விலையைத்தான் சொல்வார். எங்களைக் கூட்டிப்போனவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறியதில்லை.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

என் தங்கை மீனாளைக் கருப்பையாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை லாரி டிரைவர். அவர் ஓட்டிய லாரியை அதன் சொந்தக்காரர் விற்றுவிட, வேலை போயிற்று. கொஞ்ச நாள் அங்கங்கே மாற்று டிரைவராக அலைந்தார். பிறகு, "இனிமே அடுத்தவன் வண்டியில உக்காரமாட்டேன்" என்று முடிவு செய்து, சொந்தமாக ஒரு கார் வாங்கிக் காரைக்குடி ரயிலடியில் வாடகைக்கு விடக் கிளம்பினார். தன் பங்கு நிலத்தை விற்றார். மீனாள் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள். தாலி மட்டும்தான் மிச்சம். வாங்குகிற வண்டி ஓடாமல் நின்றால் அந்த வீட்டில் விற்க இனி எதுவும் இல்லை.

ஒரு நாள் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"மச்சான், நெற்குப்பையில ஒரு பிளசர் காரு. கறுப்பு. ஆச்சி ஒருத்தக விக்கிறாக. வெலையக் கேட்டா நம்பமாட்டீக."

நான் கையைத் தூக்குவதற்குள் விலையைச் சொல்லிவிட்டார். தொகையை இங்கே எழுதவில்லை, இன்றைய விலையோடு ஒப்பிட்டுச் சிரிப்பீர்கள். அந்த மாதிரி வண்டி அப்போது போன விலையில் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்.

"அவர் வரட்டுமே மாப்பிள்ளை" என்றேன்.

"அவர் மாதாவக் கும்பிட்டு வாரதுக்குள்ள புரோக்கர் தூக்கிட்டுப் போயிருவான். நீங்க வாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"பேசணுமே."

"பேச்ச நான் பாத்துக்கிறேன். நீங்க பார்க்க மட்டும் செய்யுங்க."

ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த விலை காதில் இருந்தது. இவ்வளவு குறைவாக ஏன் கொடுக்கிறார்கள்? எங்கேயோ பெரிய ஓட்டை இருக்கிறது. அது எங்கே என்று தேடத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டின் பின்வாசல் பக்கம் ஷெட். காக்கி உடுப்பில் பரமசிவம் என்கிற வயதான டிரைவர் நின்றார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் ஓட்டுகிறாராம். வண்டியைத் தள்ளி வெளியே விட்டோம். கட்டிலைத் தள்ளுவதுபோல் லேசாக வந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கதவுகள் மூடுகிற சத்தம் பெட்டி மூடுவதுபோல் இருந்தது. தகட்டில் துரு இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் குடிக்கிற மாதிரி தெளிவாக இருந்தது.

"இது என்ன தண்ணி?" என்று பரமசிவத்திடம் கேட்டேன்.

"மழைத்தண்ணி. முத்தத்துல அண்டா வச்சுப் பிடிக்கிறது. ஆச்சி குடிக்கிறதும் அதான், வண்டி குடிக்கிறதும் அதான்."

மற்ற வண்டிகளில் உப்புத் தண்ணீரை ஊற்றி உள்ளே பாறையாகப் பிடித்திருக்கும். இதில் அதுகூட இல்லை. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. மாப்பிள்ளையோ முகம் மலர்ந்து, பின் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

பரமசிவம் எஞ்சினைக் கிளப்பினார். கன்னங்கரேல் என்று புகை ஷெட்டை மூடியது. சும்மா நின்றபோது எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. வாசலில் ஒரு சுற்று வரச் சொன்னேன். சரிவில் ஏறும்போது தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போல் உள்ளே சத்தம். பரமசிவம் இறங்கி, தன் வீட்டுப் பிள்ளை தப்புச் செய்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்தவுகள்லாம் எஞ்சின் போச்சுன்னுட்டுப் போறாக" என்றார். "அதான் ஆச்சி எஞ்சின் இல்லாத வண்டிக்கு என்ன வெலையோ அத வச்சுட்டாக."

எனக்கு மனதில் ஒரு அமைதி வந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்டது. இதுதான் காரணம், வாருங்கள் போகலாம் என்று சொல்ல மாப்பிள்ளையைத் தேடினேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

துணி பையில் இருந்தது. மேஸ்திரி இருந்தால் அதைப் பிடிக்காமல் வரமாட்டார். அந்தப் பழக்கத்தில்தான் குழாய் வாயில் பிடித்தேன். கரி அப்பியது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை. உதறினேன், கொட்டிவிட்டது. இன்னொரு மடிப்பைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. இவ்வளவு புகைகிற எஞ்சினில் ஆயில் எரியவில்லை என்றால் எரிவது என்ன?

பரமசிவத்தைப் பார்த்தேன். வாசலில் சுற்றியபோது அவர் இரண்டாவது கியரை விட்டு மேலே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, ரோட்டுல டாப் கியர் போடுவீகளா?"

"எதுக்குப் பொய் சொல்லணும்? போட்டுப் பல வருசம் ஆச்சு."

"ஏன்?"

"மயிலு" என்றார் பரமசிவம்.

"நான் சொல்றேன்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆச்சி பக்கவாசலில் வந்து நின்றிருந்தார். கணவர் மலேயாவிலேயே காலமாகிவிட்டார், பிள்ளைகள் அங்கே, இவர் மட்டும் இந்த வீட்டில் என்று மாப்பிள்ளை பஸ்ஸில் சொல்லியிருந்தார். ஒல்லியான உடம்பு, கூர்மையான கண்.

"வண்டி வந்த புதுசுல குன்றக்குடிக்குப் போய்க்கிட்டிருந்தோம். இவர் பறக்கவிட்டுக்கிட்டுப் போனாரு. குறுக்க ஒரு மயிலு வந்து முன்னால விழுந்துருச்சு. முருகன் கோயிலுக்குப் போறப்ப மயிலக் கொல்லப் பார்த்தோமேன்னு எனக்கு உசுரே போயிருச்சு. நல்லவேளை, எந்திருச்சுப் பறந்துருச்சு. அன்னைக்கு வேண்டிக்கிட்டேன், இனிமே நான் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல போறதில்லைன்னு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருஷக்கணக்காக ஊர்ந்தே போன எஞ்சின். பெட்ரோல் சரியாக எரியாமல் உள்ளே கரி படிந்துகொண்டே வந்திருக்கிறது. புகையும் அந்தச் சத்தமும் அதனால்தான் இருக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் கொஞ்சமாவது வெளியே தள்ளும். நான் நினைப்பது சரிதானா என்று தெரிய ஒரே வழி, வண்டியை விரட்டிப் பார்ப்பது. அதை ஆச்சியிடம் கேட்க வேண்டும். பேச்சைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மாப்பிள்ளைக்கு என்ன கேட்பதென்று தெரியாது.

முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஆச்சி, வண்டிய ஒரு தடவை வேகமா ஓட்டணும்."

"எதுக்கு?"

"பார்க்கணும்."

"என்னத்தப் பார்க்கணும்? நல்லா வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி. சக்கரமா உங்களுக்குப் பதில் சொல்லப்போகுது?"

பரமசிவம் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "எஞ்சின் போயிருச்சா போகலையான்னு பார்க்கணும் ஆச்சி" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஆச்சி குடையை எடுத்துக்கொண்டார். "என் வண்டி நான் இல்லாம வாசல் தாண்டாது. நான் வேகமாப் போறதில்லைன்னு வேண்டியிருக்கேன். ஊருணி வரைக்கும் மெதுவா நானும் வாரேன். அங்க எறங்கிக்கிறேன். அங்குட்டு நீங்க எப்படியும் ஓட்டுங்க. என் கண்ணு முன்னால திரும்பி வரணும்."

ஊருக்கு வெளியே ஊருணிக் கரை வரை பரமசிவம் ஓட்டினார். எங்களை ஒரு சைக்கிள் தாண்டிப் போயிற்று. ஆச்சி இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு கரையில் நின்றார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில், பரமசிவம் பின்னால்.

இரண்டு, மூன்று, பிறகு டாப் கியர். புளியங்கொட்டை குலுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு புகை. பரமசிவம் "முருகா, முருகா" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை, "மச்சான், வெடிச்சிரப்போகுது" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. திருப்பத்தூர் ரோட்டில் வெகுதூரம் போனபின் புகை தவிட்டு நிறமாகி, பிறகு நூலாக மெலிந்தது. ஒரு சரிவில் ஆக்சிலேட்டரை விட்டு, மறுபடி அழுத்தினேன். ரிங் போயிருந்தால் அந்த இடத்தில் நீலப் புகை குப்பென்று வரும். வரவில்லை. வண்டியைத் திருப்பினேன். சத்தம் முழுசாகப் போகவில்லை. ஆனால் முன்பு ஒரு கை அள்ளிய புளியங்கொட்டை இப்போது நாலைந்தாகக் குறைந்திருந்தது.

ஆச்சி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அத்தனை வருஷமும் உள்ளே உட்கார்ந்தே போனவர், தன் வண்டியை வெளியே நின்று பார்த்தது அன்றுதானாம். வண்டியின் பின்பக்கம் போய்க் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"போறப்ப செங்கச் சூளை மாதிரி பொகஞ்சுக்கிட்டுப் போச்சு. வாரப்ப அந்தப் பொகை எங்க?"

"அது கரி ஆச்சி. மெதுவாவே ஓட்டுனதுல உள்ள படிஞ்சிருக்கு."

"அப்ப எஞ்சின் போகலையா?"

"போகலைன்னுதான் நெனைக்கேன்."

"சரி. அப்ப நான் சொன்ன வெலை என்ன? சரியா, கொறைச்சலா?"

பெரிய வியாபாரக் குடும்பத்துப் பெண். நேராக அங்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை என் இடுப்பில் விரலால் அழுத்தினார். அவர் அழுத்தியது நியாயம். "சரிதான் ஆச்சி" என்று ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலம் வண்டி எங்கள் வாசலில் நிற்கும். உள்ளதைச் சொன்னால் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். மீனாளின் வெறுங்கை கண்ணுக்குள் நின்றது. ஆனால் விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரே நிற்கும்போது எங்கள் பட்டறையில் சொல்லிப் பழகியது ஒரே விலைதான். இரண்டாவது விலை ஒன்றை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

"கொறைச்சல்தான் ஆச்சி" என்றேன். நல்ல வண்டிக்கு இவ்வளவு, கரி எடுத்து வால்வு தேய்க்க இவ்வளவு, முன் டயர்கள் மாற்ற இவ்வளவு, போக மிச்சம் இது என்று தொகையையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவகளா, இல்ல ஆச்சி வீட்டுக் கணக்குப்பிள்ளையா?"

"உன் மச்சானா இவரு?" என்றார் ஆச்சி. "அதான் வாயில கொழுக்கட்டையோட நின்னாரா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையிடம், "வண்டி எதுக்கு உனக்கு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொட்டினார். லாரி போனது, நிலம் போனது, நகை போனது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிவிட்டது. ஆச்சி குடையை மடக்கிப் பரமசிவத்திடம் கொடுத்தார்.

"பரமசிவம் மகன் வீட்டோட போறாரு. ஓட்ட ஆள் இல்லைன்னுதான் வண்டிய விக்கிறேன். நான் மாசம் ஒருக்கா, கார்த்திகைக்குக் குன்றக்குடி போகணும். அப்பப்ப ஒரு கல்யாணம், ஒரு துக்கம்னு போகணும். உன் கையில இருக்கிறதக் குடு. உன் மச்சான் சொன்னதுல மிச்சத்துக்கு என்னைய ஏத்தி எறக்கு. கழியிற வரைக்கும் வாடகை கேக்கக் கூடாது. என்ன?"

மாப்பிள்ளை சரியென்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணு. நான் உள்ள இருந்தா மாட்டுவண்டி வேகம்தான்."

அப்போது யாரும் கேட்காமலேயே நான் ஒன்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். "ஆச்சிய எறக்கிவிட்டுட்டு வாரப்ப மாப்பிள்ளை வெரட்டி ஓட்டிருவாரு. இல்லைன்னா மறுபடி கரி பிடிச்சிரும்."

"அது உங்க பாடு. மயிலுக்கு மட்டும் வழி விடுங்க" என்றார் ஆச்சி.

அடுத்த நாளே பணத்தைக் கொடுத்து வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டோம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. துணி சொன்னது, ரோடு சொன்னது, இரண்டும் குறிப்புத்தான். சிலிண்டரின் சுவர் எப்படி இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் நான் சொன்ன விலை தப்பு. தங்கை வீட்டை என் வாயாலேயே குழியில் இறக்கியவன் ஆவேன். மீனாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கையில் கண்ணாடி வளையல். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "கொழம்பு ஆறிப்போகும், சாப்பிடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மேஸ்திரி வேளாங்கண்ணியிலிருந்து வந்தார். விஷயம் அவர் காதுக்கு முன்னாலேயே போயிருந்தது.

"வாங்க ராசு" என்றார்.

மற்றவர்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள்.

"வெலையக் கேட்டுட்டுத்தான் போனீகளாம்?"

"மாப்பிள்ளை சொல்லிட்டாரு."

"காதப் பொத்திக்கலையா நீங்க?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஸ்பேனரை எடுங்க."

அவரே ஹெட்டின் நட்டுகளைத் தளர்த்தினார். அவசரம் கிடையாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. நட்டுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கினார். மாப்பிள்ளை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. ஹெட்டைத் தூக்கினார். அடிப்பிடித்த சோற்றுப்பானையைக் கவிழ்த்தாற்போல் உள்ளே கனத்த கரி. மேஸ்திரி சுரண்டுகோலால் ஒரு பக்கத்தைப் பெயர்த்தார், அடை அடையாக வந்தது. பிஸ்டன் கீழே இறங்கும்படி என்னைக் கைப்பிடியைச் சுற்ற வைத்தார். சிலிண்டர் சுவரைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் கீழிருந்து மேலே மெதுவாக ஓட்டினார். தேய்ந்திருந்தால் மேலே போகும்போது நகம் ஒரு விளிம்பில் இடிக்கும். எல்லாச் சிலிண்டரிலும் ஓட்டினார். நான் அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"டேய் ராசு, போய் டீ வாங்கிட்டு வாடா. உன் மாப்பிள்ளைக்கும் சேத்து வாங்கு. வெளிறிப்போய் நிக்கிறாரு பாரு."

அந்த "டேய்" காதில் விழுந்ததும் டீக்கடைக்கு ஓடினேன். அங்கே காசைக் கொடுத்துவிட்டு, டீயை வாங்காமலேயே திரும்பப் பார்த்தேன். கடைக்காரர், "என்னப்பா, காய்ச்சலா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். காய்ச்சல் விட்ட மாதிரிதான் இருந்தது.

வண்டி ரயிலடியில் ஓட ஆரம்பித்தது. கார்த்திகைதோறும் மாப்பிள்ளை நெற்குப்பைக்குப் போய் ஆச்சியை ஏற்றிக் குன்றக்குடிக்கு ஊர்ந்து போய், ஊர்ந்து வந்து, இறக்கிவிட்டுத் திருப்பத்தூர் ரோட்டில் விரட்டிக்கொண்டு வருவார். பாக்கி கழிந்த பிறகும் ஆச்சி வேறு வண்டியில் ஏறவில்லை, வாடகை கொடுத்து இதிலேயே போனார். "ஆச்சியோட போனா தூக்கம் வருது மச்சான், தனியா வாரப்பத்தான் கண்ணு முழிச்சு ஓட்டுறேன்" என்பார் மாப்பிள்ளை.

ஆனாலும் எனக்குப் பழக்கம் விடவில்லை. அந்த வண்டி பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதன் புகைக்குழாயைப் பார்ப்பேன். ஏதாவது கருப்பாக வருகிறதா, நீலமாக வருகிறதா என்று. மற்றவர்கள் கேலி செய்வார்கள். மழை, வெயில், திருவிழா எதுவானாலும் அந்தக் குழாயைப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

எழுபதுகள் பிறந்து ஒரு பொங்கலுக்கு முந்தின நாள். நான் பட்டறை வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் வண்டி வந்தது. முன் சீட்டில் மீனாள், மடியில் மகள், பின்னால் கரும்புக்கட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீனாள் என்னைக் கண்டதும், "அண்ணே, நாளைக்கு வீட்டுக்கு வந்துருங்க. பானைய எறக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருக்க வைக்காதீக" என்று கத்தினாள். கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அதில் பொன் வளையல் மின்னியது. நானும் கார்புரேட்டரைப் பிடித்த கையையே தூக்கி ஆட்டினேன். வண்டி செக்காலை ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

குனிந்து மறுபடி கழுவ ஆரம்பித்த பிறகுதான் நினைவு வந்தது. புகைக்குழாயைப் பார்க்கவில்லை.